லெப்டின்: சொல் விளக்கம்

கொழுப்புத் திசுவின் செல்கள் சுரந்து இரத்தத்தில் கலக்கும் புரத ஹார்மோனே லெப்டின். அது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸை அடைந்து, பசியைத் தூண்டும் நரம்பணுக்களை அடக்குகிறது. உண்டது போதும் என்னும் நிறைவைத் தரும் நரம்பணுக்களை ஊக்குகிறது.

இப்பெயர், மெல்லியது எனப் பொருள்படும் லெப்டோஸ் என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மழைநீர் தேங்கும் வடசென்னைத் தெருக்களில் அஞ்சப்படும் எலிக்காய்ச்சலின் கிருமியான லெப்டோஸ்பைராவும் இதே வேரினது. அதற்கு மெல்லிய சுருள் என்பது பொருள்.

கொழுப்பில் பிறப்பதற்கு மெலிவின் பெயர் வந்தது எலிகளால். 1949-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், ஓயாது உண்டு பருத்த சுண்டெலிகள் சில பிறந்திருப்பதைக் கண்டறிந்தனர். பின்னர் அங்கே டக்ளஸ் கோல்மன், அத்தகைய எலியின் இரத்த ஓட்டத்தை இயல்பான எலியினுடையதோடு இணைத்தபோது பருத்த எலி உணவைக் குறைத்து மெலியவே, பசியைக் கட்டுப்படுத்தும் ஏதோவொன்று இரத்தத்தின் வழியே வருகிறது என அவர் முடிவுசெய்தார். 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் அதற்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். மறு ஆண்டு அந்தப் புரதத்தை ஊசிவழி பெற்ற எலிகள் மெலிந்தன.

லெப்டினுக்குத் தமிழ்ச்சொல் வேண்டின், கிரேக்கப் பொருளைப் பின்பற்றி 'மெலிவி' என்று ஆக்கலாம். ஆனால் அது பொருந்தாது. உடல் பருத்த மனிதர் பெரும்பாலோரிடம் லெப்டின் மிகுந்தே இருக்கிறது. மூளைதான் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. 'பசியடக்கி' என்பதும் பாதி உண்மையே. கொழுப்பு கரைந்து லெப்டின் குறையும்போது, மூளை அதைப் பஞ்சமாகக் கொண்டு பசியைக் கூட்டுவதோடு, ஆற்றல் செலவையும் இனப்பெருக்கத்தையும் சுருக்குகிறது. தீவனம் போதாமல் மெலிந்த கிடேரி பருவத்துக்கு வரத் தாமதமாவதில் இந்தச் சைகைக்கும் பங்குண்டு. கால்நடை மருத்துவம் பயிலும் மாணவர் தமிழில் எழுதும்போது, 'பசியடக்கி' என்ற சொல்லைக் கொண்டு இதை எவ்வாறு விளக்குவார்?

உடலிலுள்ள கொழுப்பின் இருப்பை மூளைக்குத் தெரிவிப்பதே இதன் முதற்பணி என்பதால், 'கொழுப்பிருப்பு உணர்த்தி' என்பதே தக்க சொல் என்பது என் துணிபு. கட்டுரையில் முதன்முறை 'கொழுப்பிருப்பு உணர்த்தியாகிய லெப்டின்' என்று எழுதி, பின்னர் லெப்டின் என்றே தொடரலாம்.