வேலந்தாவளம் செக்போஸ்ட்டும் நம் டி செல்லும்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கிளினிக் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது ஏதோ ஒரு பொடி டப்பாவை மேஜைமேல் வைத்து, "ஏனுங்க டாக்டர், எதிர்ப்பு சக்தி கம்மியாகறதாலதானுங்க கேன்சர் வருது? இதைக் குடிச்சாத் தேவலைங்களா?" என்று கேட்கிறார்.

பல புற்றுநோய்களில் எதிர்ப்பு சக்திக்கு ஒன்றும் பஞ்சமில்லை. நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களான டி செல்கள் கட்டிக்குள்ளேயே போய் நிற்கும். ஆனால் கைகட்டி நிற்கும்.

ஜிஎஸ்டி வருவதற்கு முன் வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் லாரிகள் நின்ற வரிசை இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். டி செல்லை அங்கே நிற்கும் இன்ஸ்பெக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் பிடி-1 என்றொரு புரதம் உண்டு. 'நான் உள்ளூர்' என்று சீட்டு காட்டும் நல்ல செல்லை அது விட்டுவிடும். கள்ளச் சரக்கான புற்றுசெல்லும் பல நேரம் அதே சீட்டைக் காட்டித்தான் தப்பிக்கிறது. விஞ்ஞானிகளே இதற்குச் செக்பாயின்ட் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிடி-1ஐ 1992இல் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தசுகு ஹோஞ்சோ. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆலிசன் ஆராய்ந்தது சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு தடுப்பை. சிறு வயதிலேயே அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1994 கடைசியில் அந்தத் தடுப்பை மறிக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், கட்டி கரைந்தது. நம்ப முடியாமல் கிறிஸ்துமஸ் லீவிலேயே திரும்பச் செய்து பார்த்தார்கள். 2018இல் இருவருக்கும் நோபல்.

சரி, இப்படி மருந்து கொடுத்துச் சீட்டு செல்லாது என்று ஆக்கிவிட்டால் என்ன ஆகும்? இன்ஸ்பெக்டர் பால் வண்டியையும் மடக்குவார். குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு என்று எங்கே வேண்டுமானாலும் வீக்கம் வரலாம்.

தென்னந்தோப்பில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை வயிற்றுப்போக்கு. மெடிக்கலில் மாத்திரை வாங்கி நான்கு நாள் ஓட்டிவிட்டார். நானும் ஓஆர்எஸ் எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். மகள் ஃபைலை நீட்டாமல் இருந்திருந்தால் அதோடு அனுப்பியிருப்பேன், பொய் சொல்வானேன்! நுரையீரல் புற்றுக்குக் கோயம்புத்தூரில், பிடி-1ஐ மறிக்கும் நிவோலுமாப் ஊசி போட்டிருக்கிறார். 'கீமோ முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு, அதுக்கும் இதுக்கும் என்னங்க' என்று சொல்லாமல் விட்டிருக்கிறார். கீமோ வேறு, இது வேறு. ஊசி நிறுத்தி மாதக்கணக்கில் ஆன பிறகும் இப்படிக் குடல் வீங்கி வயிற்றுப்போக்கு வரலாம். அன்றே அங்கே அனுப்பினோம். ஸ்டீராய்டில் அடங்கியது. அந்த ஸ்டீராய்டையும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

ஊசி விலைதான் பெரிய தொல்லை. வெற்றிலையோடு புகையிலையை அடக்கிப் பழகிய நம் பக்கத்துக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. மும்பை டாடா மெமோரியலில், தலை, கழுத்துப் புற்று முற்றிய நோயாளிகளுக்கு மற்ற மாத்திரைகளோடு வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வருடம் தாண்டி உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 16 சதவீதம், ஊசியும் போட்டவர்களில் 43 சதவீதம். உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

பொடி டப்பாவுக்கு இந்தக் கதையில் இடமே இல்லை. இந்த ஊசி போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம்.

இங்கே ஃபைல் ஆங்கிலத்தில், மெடிக்கல்காரர் மலையாளத்தில், நோயாளி தமிழில். பெரியவரின் மகள் இப்போது ஊசியின் பெயரை மூன்றிலும் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.