களி கிண்டும் தண்ணீரும் குடிதண்ணீர்தான்

"நல்லாத்தான் தேய்ச்சு விடுறேன் டாக்டர், பல்லு மட்டும் மஞ்சளாவே இருக்குது." தருமபுரி மாவட்டத்தில் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இது பழகிப்போன புகார். பக்கத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும். வாயைத் திறந்தால் மேல் முன்பற்களில் சுண்ணாம்புத் திட்டு, நடுவே பழுப்புக் கோடு.

தேய்த்துப் போகிற கறை இல்லை இது. ஈறுக்குள் பல் உருவாகும்போதே, குடிதண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு பல்லின் மேல்பூச்சான எனாமலைக் கெடுத்துவிட்டது. மேல் முன்பல் முளைப்பது 7, 8 வயதில்; ஆனால் அதற்கு ஆபத்தான காலம் 1 முதல் 3 வயது வரை. பால்வாடிக்குப் போவதற்கு முன்பே குடித்த தண்ணீர் இப்போதுதான் வெளியே தெரிகிறது. அம்மாவைத் திட்டிப் பயனில்லை, பிரஷ்ஷை மாற்றியும் பயனில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடிப் பாறையிலேயே ஃபுளோரைடு தாதுக்கள் இருக்கின்றன. தண்ணீர் பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கத் தங்க அது கரைந்து சேரும். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை ஏற்கலாம். அதைவிட மிக அதிகமான தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லோடு நிற்காது. மூட்டும் முதுகும் இறுகும்.

நிறம், மணம், ருசி எதிலும் ஃபுளோரைடு தெரியாது. "காய்ச்சித்தான் குடுக்கிறோம்" என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு அப்படியே இருக்கும், தண்ணீர் சுண்டினால் அளவு கூடவே செய்யும். கேண்டில் ஃபில்டரும் உதவாது. ஆர்.ஓ. குறைக்கும், ஆனால் அதன் மெம்ப்ரேனை, அதாவது வடிகட்டும் சவ்வை, காலத்தில் மாற்ற வேண்டும். ஊர்ப் பொது ஆர்.ஓ.வில் அதை யார் மாற்றுவது என்பதே தனிப் பஞ்சாயத்து.

இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013 முதல் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. ஆனாலும் வீட்டில் என்ன நடக்கிறது? ஒகேனக்கல் தண்ணீர் சொம்பில் குடிக்க மட்டும். களி கிண்ட, சோறு வடிக்க, பருப்பு வேகவைக்க, டீ போட எல்லாம் போர் தண்ணீர். "சமையலுக்குத்தானே, கொதிச்சிடுதே" என்கிறார்கள். களியில் தண்ணீரை வடிப்பதே இல்லை; ஊற்றியதெல்லாம் மாவோடு வயிற்றுக்குப் போகிறது. குடிப்பதில் தப்பித்தது தட்டில் வந்து சேருகிறது.

குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீரே போதும், பயமில்லை. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மாற்றினால் ஒரு குடும்பத்துக்குச் சில குடம்தான். குழாய் நாள் தவறி வந்தால், இருக்கிற நல்ல தண்ணீரில் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அவர்கள் சாப்பாட்டுக்கும் முதலில் ஒதுக்குங்கள். பெரியவர்கள் பல்லில் புதிதாகக் கறை வராது. ஓடு அல்லது மாடியில் சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீரில் ஃபுளோரைடு பயம் இல்லை. அதைக் காய்ச்சிக் குடிக்கலாம்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி தரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊரில் அவர்கள் யார், கிட் எங்கே இருக்கிறது என்று ஊராட்சியில் கேளுங்கள். இல்லையென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு உங்கள் போர் தண்ணீரைக் கொண்டுபோங்கள். பக்கத்து வீட்டு ரிசல்ட்டை நம்ப வேண்டாம், ஒரே தெருவில் இரண்டு போர் இரண்டு விதமாக இருக்கும். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அளவு மாறும்.