மெச்சுரேஷன்: செல் முதிருமா, பழுக்குமா?

சந்தூர் பக்கத்து மாந்தோப்புகளில் காய் பறிக்கிறவர்கள் கையைப் பார்த்தால், காம்பு ஒடியும்போது தெறித்த பால் பட்ட இடம் கருத்திருக்கும். சிலருக்கு அதோடு சரி. சிலருக்கு ஓரிரு நாள் கழித்து அரித்து, தடித்து, கொப்பளிக்கும். அது ஒவ்வாமை. அதைத் தொடங்கிவைப்பதில் மேல்தோலில் கிளை விரித்து உட்கார்ந்திருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல் என்ற நோய் எதிர்ப்பு செல்லுக்கும் பங்கு உண்டு. 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் கண்டறிந்தது. கிளைகளைப் பார்த்து நரம்பு செல் என்று நினைத்துவிட்டார், பாவம்.

தோலில் இருக்கும்வரை இதன் வேலை, வெளியிலிருந்து வரும் பொருளை விழுங்கி வைப்பது. பிரித்தெடுத்து ஆய்வகத் தட்டில் இரண்டு மூன்று நாள் வளர்த்தால் ஆளே மாறிவிடுகிறது. புதிதாக விழுங்குவது குறைகிறது. இந்தச் செல்லுக்குள் டென்னிஸ் மட்டை வடிவில் இருக்கும் பிர்பெக் துகள்கள் மறைகின்றன. விழுங்கியதை எடுத்துக்காட்டும் மூலக்கூறுகள் மேற்பரப்பில் பெருகி, நோய் எதிர்ப்பு வேலையில் இறங்கும் டி செல்களைப் பல மடங்கு வலுவாகத் தூண்டுகிறது. எலித் தோல் செல்களில் ஷூலர், ஸ்டெயின்மன் என்ற ஆய்வாளர்கள் 1985இல் இதைக் காட்டினார்கள். இந்த மாற்றத்துக்குப் பெயர்தான் மெச்சுரேஷன்.

தமிழில் 'முதிர்ச்சி' என்கிறோம். எனக்கு அதில் திருப்தி இல்லை. முதியவர், முதுமை என்று மனம் கிழப்பருவத்துக்குப் போய்விடுகிறது. மூலமான லத்தீன் 'மாட்டூருஸ்' என்பதற்கோ பழுத்தது, பருவம் வந்தது என்றே பொருள்.

நம் ஊர்ப் பேச்சு இங்கே கைகொடுக்கும். காய் மரத்தில் முற்றுகிறது. பறித்து வைக்கோலில் போட்ட பிறகுதான் பழுக்கிறது. முற்றாததைப் பறித்தால் வெம்பிப்போகும். நம் செல் தோலை விட்டு வந்தபின் நடப்பதும் இந்த இரண்டாம் கட்டம்தான். பக்கத்துத் தோல் செல்கள் சுரக்கும் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற புரதம் தட்டில் இல்லாவிட்டால் செல் தாக்குப்பிடிப்பதே கடினம். வைக்கோல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்குள்ளும் தோலிலிருந்து நிணநீர் முடிச்சுக்குப் போகும் வழியில் இதே போன்ற மாற்றம் நடக்கிறது.

அப்படியானால் 'பழுத்தல்' என்றே எழுதலாமே? எழுதிப் பார்த்தேன். தோல் பற்றிய கட்டுரையில் 'பழுத்தது' என்றதும் சீழ் வைத்த புண்தான் கண்முன் வருகிறது. 'கனிவு' என்றால் ஏதோ செல் அன்பாகப் பேசுகிற மாதிரி. கடைசியில் 'கனி' என்பதை வினையாக மட்டும் வைத்துக்கொண்டேன்: தோலில் காயாக இருந்த செல், தட்டில் மூன்றாம் நாள் கனிந்திருந்தது.