ஆஸ்பிரேஷன்: 'புரையேறுதல்' சரியான ஈடா?

தண்ணீர் குடிக்கும்போது இருமினால் 'புரையேறிடுச்சு' என்று உச்சந்தலையில் தட்டுவோம். யாரோ நினைக்கிறார்கள் என்றும் சொல்லிக்கொள்வோம். ஆஸ்பிரேஷன் என்ற மருத்துவச் சொல்லுக்கும் இதையே ஈடாக எழுதுகிறவர்கள் உண்டு. பாதிதான் பொருந்தும்.

லத்தீனில் 'ஸ்பிராரே' என்றால் மூச்சுவிடுதல். விழுங்கல் கோளாறுகளில் ஆஸ்பிரேஷன் என்பது உணவோ நீரோ எச்சிலோ குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழலுக்குள் போவது. குரல்வளைக்குள் நுழைந்தும் குரல்நாணைத் தாண்டவில்லை என்றால் அது பெனட்ரேஷன். (ஊசியால் நீர் உறிஞ்சி எடுப்பதற்கும் ஆஸ்பிரேஷன் என்றே பெயர். அது வேறு.)

'புரை' என்றால் உட்துளை. புரையோடிய புண்ணில் வருவதும் இதுவே. ஆனால் பேச்சுவழக்கில் புரையேறுதல் என்றாலே இருமலும் சேர்ந்துதான் வரும். சிக்கல் அங்கேதான். பக்கவாதம் வந்த சிலருக்குத் தொண்டையில் உணர்வு மங்கிவிடும். கஞ்சி மூச்சுக்குழலில் இறங்கினாலும் இருமல் வராது. 'புரையேறுதா?' என்று கேட்டால் வீட்டார் 'இல்லை' என்பார்கள். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை.

இதைப் பிடிக்க ஃப்ளூரோஸ்கோப்பி (எக்ஸ்ரேயால் எடுக்கும் ஓடும் படம்) அறையில் இருவர் வேண்டும். ஸ்பீச் தெரபிஸ்ட், எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த நீரைச் சில மி.லி.யில் தொடங்கி, அளவையும் கெட்டித்தன்மையையும் மாற்றிக் கொடுப்பார். ரேடியாலஜிஸ்ட் பக்கவாட்டில் படம் பிடிப்பார். உணவு தொண்டையைக் கடக்க ஏறத்தாழ 1 நொடிதான் ஆகும். கதிர்வீச்சைக் குறைக்க நொடிக்கு 30 படத்தை ஏழெட்டாக்கினால் கணநேர நுழைவு தப்பிவிடும். விழுங்கியதும் சட்டென்று கருவியை நிறுத்தினாலும் தப்பும்: தொண்டைக்குழிகளில் தேங்கியது பிறகுதான் வழிந்து இறங்கும். ஆகவே எப்போது நிறுத்துவது என்பதை இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். மோவாயைத் தாழ்த்தி விழுங்கினால் பயன் உண்டா என்பதையும் அப்போதே திரையில் பார்த்துவிடலாம்.

உள்ளே போனது எவ்வளவு ஆழம், உடல் அதை வெளியேற்றியதா என்பதை அளக்க 1996இல் ஆய்வாளர் ரோசன்பெக்கின் குழு வெளியிட்ட 8 படி அளவுகோலில் 2 முதல் 5 வரை பெனட்ரேஷன், 6 முதல் 8 வரை ஆஸ்பிரேஷன். குரல்நாணுக்குக் கீழே போனதை வெளியேற்ற உடல் முயலவே இல்லை என்றால் 8. இதை 'மௌனப் புரையேற்றம்' என்று எழுதுவது முரண். இருமாமல் ஏது புரையேற்றம்?

பெனட்ரேஷனுக்குக் 'குரல்வளை நுழைவு', ஆஸ்பிரேஷனுக்கு 'மூச்சுக்குழல் இறக்கம்', எட்டாம் படிக்கு 'இருமலற்ற மூச்சுக்குழல் இறக்கம்' என்று எழுதலாம். வீட்டாரிடம் கேட்கப் புரையேறுதலே நல்ல சொல். கூடவே, சாப்பிட்டபின் சளி கட்டியதுபோல் குரல் மாறுகிறதா என்றும் கேட்க வேண்டும்.