ஸ்கேன் செய்தாகிவிட்டது, காகிதத்தை என்ன செய்வது?

கணியம்பாடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா தன் மகனோடு வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள என் வக்கீல் ஆபீசுக்கு வந்தார். கணவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். வீட்டுப் பத்திரம், பென்ஷன் காகிதம் எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அந்த அம்மா பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எல்லாம் இதுலதான் சார் இருக்குது. ஸ்கேன் பண்ணி வச்சிட்டேன், இனிமே பேப்பர் தேவையில்லன்னு சொல்லிக்கினே இருப்பாரு."

போன் பூட்டியிருந்தது. திறக்கும் எண் கணவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவர் செய்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன். பல ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்திருக்கிறார். அப்புறம் பழைய ரசீதுகளைக் கட்டுக்கட்டாக எடைக்குப் போட்டுவிட்டார். அசல் பத்திரம் எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று போட்டு, அதிலிருந்து பத்திர எண்ணை எடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கினோம். அசல் கடைசியில் அவருடைய அண்ணன் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் கிடைத்தது. நல்லவேளையாக மகன் அப்பாவின் சிம்மை விடாமல் ரீசார்ஜ் செய்திருந்தார். அதை வேறு போனில் போட்டதும் வந்த செய்திகளைப் பார்த்துத்தான் எந்த வங்கி, எந்த இன்சூரன்ஸ் என்பதே தெரிந்தது. இறந்தவர் எண்ணை உடனே விட்டுவிடாதீர்கள். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும்.

ஆனால் எடைக்குப் போட்ட வீட்டுவரி ரசீதுகள் போனது போனதுதான். பக்கத்து மனைக்காரரோடு ஏற்கனவே ஒரு சந்துத் தகராறு இருக்கிறது. 20, 30 வருட வரி ரசீது, கரண்ட் கார்டு, கிஸ்தி ரசீது இவையெல்லாம் சிவில் கோர்ட்டில் அனுபவத்தை, அதாவது இடம் நம் கையில் இருந்துவந்ததை, காட்டும் சாட்சிகள். பார்க்கக் குப்பை மாதிரி இருக்கும். வழக்கு என்று வந்தால் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

வீட்டுக் காகிதங்களை ஸ்கேன் செய்யுங்கள் என்று நானே எல்லாரிடமும் சொல்கிறேன். 2021 நவம்பரில் பாலாற்றிலும் குடியாத்தத்தில் கவுண்டன்ய மகாநதியிலும் வெள்ளம் வந்தபோது, நனைந்து ஒட்டிக்கொண்ட பத்திரங்களைத் தாள் தாளாகப் பிரிக்கப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். கரையான் அரித்த கட்டுகளும் ஆபீசுக்கு வராத மாதமில்லை. ஆனால் ஸ்கேன் என்பது காகிதத்தைத் தூக்கிப் போடுவதற்கான அனுமதி இல்லை.

எதை வைப்பது, எதை விடுவது? நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: இது தொலைந்தால் திரும்ப வாங்க முடியுமா? வங்கி ஸ்டேட்மென்ட், போன் பில், வாரன்டி முடிந்த மிக்ஸியின் பில் இவற்றைத் தாராளமாக விடலாம். உயில், கடனுக்கு எழுதி வாங்கிய புரோநோட்டு, கடன் தீர்ந்ததற்கான பைசல் ரசீது, கூர்சீட்டு மாதிரி வீட்டில் எழுதி வைத்த பாகப்பிரிவினைத் தாள், இவை போனால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. உயிலுக்கு 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும். எழுதியவர் கையில் இருந்த அசல் உயில் அவர் இறந்தபின் கிடைக்கவில்லை என்றால், அவரே ரத்து செய்து கிழித்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதாடும். உங்களிடம் ஸ்கேன் மட்டும் இருந்தால் அந்த வாதத்தை உடைப்பது பெரும்பாடு.

பதிவான கிரயப் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் கிடைக்கும், சரி. ஆனாலும் அசலை விடக்கூடாது. வங்கியில் வீட்டை வைத்துக் கடன் வாங்கும்போது, அசல் பத்திரத்தை ஒப்படைப்பதுதான் அடமானமே. வாங்க வருகிறவரும் அசலைத்தான் பார்ப்பார். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் வந்துவிட்டது. அதிலும் அடிப்படை மாறவில்லை: முதலில் அசல், அது இல்லையென்றால் ஏன் இல்லை என்று நிரூபித்துவிட்டுத்தான் நகல்.

அரசின் ஆன்லைன் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரைப் பற்றி நிறையப் பேர் குழம்புகிறார்கள். அதில் அரசுத் துறையே நேரடியாகத் தரும் ஆவணங்கள், அதாவது ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. போன்றவை, அசலுக்குச் சமம். நீங்களே படமெடுத்து ஏற்றி வைத்த பத்திரம் அப்படியில்லை. அது வெறும் படம்தான்.

ஸ்கேன் செய்யும் முறையிலும் ஒரு விஷயம். முத்திரைத்தாளின் பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். சார்பதிவாளரின் குறிப்பு, கைரேகை, பழைய தாள்களில் முத்திரைத்தாள் விற்றவரின் முத்திரையும் தேதியும் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரு கட்சிக்காரர் 14 பக்கம் கொண்ட பத்திரத்தை அழகாக ஏழு படங்களாக அனுப்பியிருந்தார். எனக்கு வேண்டியது எதுவும் அதில் இல்லை. துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும், கலரில், 300 டி.பி.ஐ.யில் எடுங்கள். பழைய தாளை உருளைக்குள் இழுக்கும் மெஷினில் கொடுக்காதீர்கள், கிழிந்துவிடும். கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து எடுக்கும் ஸ்கேனர்தான் நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் எழுத்து மங்கிவிடும்.

பத்திரம் பத்திரமாக இருக்கும் என்று நினைத்து லேமினேஷன் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தாளையும் முத்திரையையும் தொட்டுச் சோதிக்க முடியாமல் போய்விடும், பிரித்தால் தாளும் கூடவே வரும். ஏ.டி.எம். சீட்டு, கடை பில் போன்ற வழவழப்பான தாள்கள் அந்தச் சூட்டில் மொத்தமாகக் கறுத்துப் போகும். அவை பீரோவில் சும்மா கிடந்தாலே வெளுத்துவிடும் என்பதால், முதலில் அவற்றைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்பவர்கள், கடைக்காரர் கண்முன்னே அந்த ஃபைலை அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். ஆதாரும் பத்திரமும் சேர்ந்து யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரில் கிடப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. ஆதார் கொடுக்க வேண்டிய இடங்களில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே பல நேரம் போதும்.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வாலாஜாவில் ஒரே வீடு 1978 பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம். 1989இல் மாவட்டம் பிரிந்தபின் எழுதிய பத்திரத்தில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அப்புறம் வேலூர். 2019க்குப் பிறகு இராணிப்பேட்டை. மாவட்டப் பெயரை வைத்துத் தேடினால் நான்கு வீடு மாதிரி தெரியும். அதனால் பத்திர எண், வருடம், சர்வே எண், இந்த வரிசையில் பெயர் வையுங்கள்.

ஒரு பிரதி வேறு வீட்டில் ஹார்ட் டிஸ்க்கிலும், இன்னொன்று ஆன்லைனிலும் இருக்கட்டும். அதோடு ஒரே ஒரு தாளில், எந்த அசல் எங்கே, எந்த வங்கி, போனைத் திறக்கும் எண் எந்த உறையில் என்று கையால் எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். எண்ணை அந்தத் தாளிலேயே எழுத வேண்டாம். மனைவி, மகன், மகள் எல்லாரையும் உட்கார வைத்து ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

அப்படி உட்காரும்போதுதான் பிழைகள் கண்ணில் படும். அந்த ஹவில்தார் வீட்டில் குடும்ப பென்ஷன் தாமதமானதற்குப் பூட்டிய போன் மட்டும் காரணமில்லை. பட்டாளத்துப் பதிவில் மனைவியின் பிறந்த தேதி ஒன்று, ஆதாரில் வேறொன்று. அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு மனு கொடுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலைக்கு, அந்த அம்மா இப்போது அலைந்துகொண்டிருக்கிறார்.

அதைப் பார்த்த பிறகு என் வீட்டுக் கட்டையும் பிரித்தேன். என் அம்மாவின் பெயருக்கு முன்னால் பத்திரத்தில் தாத்தாவின் முதலெழுத்து, ஆதாரில் அப்பாவின் முதலெழுத்து, பட்டாவில் முதலெழுத்தே இல்லை. அம்மாவுக்கு 74 வயது. வரும் திங்கட்கிழமை காட்பாடி தாலுகா ஆபீசுக்கு அவரை அழைத்துக்கொண்டு போகிறேன்.