மச்சில் கிடக்கும் ரேடியோகிராம்: பிளக்கைச் செருகும் முன்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளை இடிக்கும்போது மச்சிலிருந்து ஒரு ரேடியோகிராம் இறங்குவது இப்போது அடிக்கடி நடக்கிறது. ஒரு பக்கம் வால்வு (கண்ணாடிக் குழல்) ரேடியோ, மூடியைத் தூக்கினால் இசைத்தட்டு சுழலும் மேடை. அந்த மரப்பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே சிறு கணினி பொருத்திப் பாட வைக்கலாம். நல்ல வேலைதான். ஆனால் கீழே இறக்கியதும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், பாடுகிறதா என்று பிளக்கைச் செருகிப் பார்ப்பது. அதைச் செய்யாதீர்கள்.

பல வருடம் சும்மா கிடந்த மெழுகுக் காகிதக் கண்டன்சர்கள் (மின்சாரத்தைத் தேக்கும் பாகங்கள்) ஈரம் குடித்துக் கசியும். கசிவு கடைசி வால்வின் கிரிட்டுக்கு, அதாவது கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைக்குப் போனால் வால்வு அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கும், அதன் தகடு சிவக்கும். சற்று நேரத்தில் ஸ்பீக்கர் டிரான்ஸ்ஃபார்மரோ மெயின் டிரான்ஸ்ஃபார்மரோ கருகிவிடும். பழுது பார்த்திருக்கக்கூடிய செட் அத்தோடு முடிந்தது.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஏசி, டிசி இரண்டு மின்சாரத்திலும் ஓடும்படி செய்த ஏசி-டிசி செட். பிளக்கைக் கழற்றிவிட்டு, பின் அட்டையை எடுத்து வால்வுக் கண்ணாடியில் உள்ள எண்ணைப் படியுங்கள். யூஎல்84, யூஒய்85 என்று ‘யூ’வில் தொடங்கினால், அந்த செட்டில் பெரும்பாலும் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. வால்வு இழைகள் எல்லாம் வரிசையாக நேரடி மின்சாரத்தில் ஓடும். பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டான சேசிஸ், மின்கம்பியின் ஒரு முனையோடு நேராகச் சேர்ந்திருக்கும். இரண்டு முனை பிளக் எந்தப் பக்கம் திரும்பிச் செருகப்படுகிறதோ அதைப் பொறுத்து சேசிஸில் 230 வோல்ட் நிற்கும். வால்யூம் குமிழின் சிறு திருகுக்கு மேலே ஆலையில் மெழுகு அடைத்திருப்பார்கள். அது அழகுக்கு அல்ல, விரல் படாமல் இருக்கத்தான். அந்த மெழுகு உதிர்ந்த செட்டுகள்தான் இப்போது அதிகம்.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டிலும் வடிகட்டிக் கண்டன்சர்களில் 250 வோல்ட்டோ அதற்கு மேலோ டிசி நிற்கும். யாராவது ஏற்கெனவே செருகிப் பார்த்திருந்தால் பிளக்கைக் கழற்றிய பிறகும் அது தங்கலாம். மல்டிமீட்டரை டிசி 1000 வோல்ட்டில் வைத்து, கருப்புக் கம்பியைச் சேசிஸில் கிளிப் போட்டு, ஒரே கையால் ஒவ்வொரு முனையையும் அளந்து பாருங்கள். மின்னழுத்தம் இருந்தால் 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை முதலைக் கிளிப்பில் மாட்டிப் பத்து விநாடி பிடியுங்கள். பிறகு மறுபடி அளக்கவும். கொஞ்சம் மின்னழுத்தம் தானாகத் திரும்ப எழும்பும். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்வது வேண்டாம். வால்வுகளுக்கு மேலே பெட்டியில் சாம்பல் நிற அட்டை போல ஒன்று ஒட்டியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள்.

மாற்றலாமா, பழுது பார்க்கலாமா என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகள் அறாமல், வால்வுகள் முழுசாக இருந்தால், வால்வு வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோரத்திலிருந்து வரும் செட்டுகள் வேறு ரகம். நிலையம் பிடிக்கச் சுழலும் டியூனிங் கேங்கின் அலுமினியத் தகடுகளில் வெள்ளை பூத்திருக்கும், காயில் கம்பி பச்சையேறி அறுந்திருக்கும், சேசிஸ் செதில் செதிலாக உரியும். அவைதான் கணினிக்கு ஏற்றவை.

சேசிஸை வெட்டாமல், அடி போல்ட்டுகளைக் கழற்றி முழுசாக வெளியே எடுங்கள். கொழும்பு, டில்லி என்று ஊர்ப்பெயர் அச்சிட்ட டயல் கண்ணாடியை முன்பக்கம் மட்டும் துடைக்கவும். எழுத்து பின்பக்கம் இருக்கிறது. ஈரத்துணியோ ஸ்பிரிட்டோ பட்டால் கையோடு வந்துவிடும். உலர்ந்த மென்தூரிகை போதும்.

பழைய ஸ்பீக்கரை வீசாதீர்கள். குறைந்த வாட்டிலேயே அறை நிறையப் பாடும். காந்தத்தின் பின்புறம் ஒரு குண்டூசியைக் கொண்டுபோங்கள். ஒட்டவில்லை என்றால் அது பெரும்பாலும் நிலைக்காந்தத்துக்குப் பதில் மின்காந்தச் சுருள் உள்ள ஃபீல்டு காயில் வகை, உயர்மின்னழுத்தம் இல்லாமல் வேலை செய்யாது. ஒட்டினால், ஸ்பீக்கர் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு ஓம் அளக்கவும். மீட்டர் 3 ஓம் காட்டினால் அது கிட்டத்தட்ட 4 ஓம் ஸ்பீக்கர். 2.5 ஓமுக்கு அருகில் காட்டினால் 3 ஓம் ஸ்பீக்கர். 4 ஓமுக்குக் குறைந்த ஸ்பீக்கரைத் தாங்காத ஆம்ப்ளிஃபையர் பலகை அதில் சூடாகும். பெரும்பாலும் 3 முதல் 5 வாட் தாங்கும் காகிதக் கூம்பு அது, ஒலியைக் குறைவாகவே வையுங்கள்.

கணினிக்கு ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினிப் பலகை (இனி ‘பை’) போதும், 5 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டருடன். டிஜிட்டல் தரவை ஒலி சிக்னலாக மாற்ற பிசிஎம்5102 பலகை. அதைப் பையின் ஜிபிஐஓ எனும் இணைப்பு ஊசிகளில் சேர்க்கவும்: பிட் கிளாக் ஜிபிஐஓ 18, இடவலக் கிளாக் 19, தரவு 21, பலகையின் எஸ்சிகே முனையைக் கிரவுண்டில் சேருங்கள். பாட்டு மென்பொருளான வால்யூமியோ அல்லது மூட் ஆடியோ நிறுவி, ஐ2எஸ் (டிஜிட்டல் ஒலி இணைப்பு) பட்டியலில் ஹைஃபைபெர்ரி டாக் என்று தேர்ந்தெடுத்தால் மென்பொருள் வேலை முடிந்தது. பையை இரும்புத் தகட்டுக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள், வைஃபை அடைபடும். பையும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே சப்ளையில் ஓடி கீச்சென்று சத்தம் வந்தால் இரண்டுக்கும் தனித்தனி சப்ளை கொடுங்கள்.

குமிழ்களில்தான் அதிகம் தவறு நடக்கிறது. குமிழ் திரும்புவதைப் பைக்குச் சொல்லும் சுழல் என்கோடர் பலகையின் பிளஸ் முனையை 5 வோல்ட்டில் கொடுத்துவிடுவார்கள். அதிலுள்ள 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வழியாக 5 வோல்ட் நேரே ஜிபிஐஓவுக்குப் போகும், பை 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். பிளஸ்ஸை 3.3 வோல்ட் முனையிலேயே கொடுங்கள். பழைய குமிழின் துளை பெரும்பாலும் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். என்கோடர் தண்டோ 6 மில்லிமீட்டர். மெல்லிய பித்தளைத் தகட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் இறுகிவிடும். பசை போட்டால் குமிழ் பிறகு கழலாது. ரேடியோவின் முன்பக்கத்து பியானோ கீ வரிசையைப் (அழுத்தும் பட்டன்கள்) பாடல் பட்டியலுக்குப் பயன்படுத்தினால், பையின் உள் புல்-அப் (ஊசியை 3.3 வோல்ட்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) தரும் மில்லியாம்பியரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கரண்ட் பழைய கான்டாக்டின் படலத்தைத் தாண்டாது. ஒவ்வொரு கீக்கும் 3.3 வோல்ட்டிலிருந்து வெளியே 1 கிலோ ஓம் போட்டால் சுமார் 3 மில்லியாம்பியர் ஓடும், கீ பிசகாமல் கேட்கும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆடிக் காற்றில் மின்சாரம் ஒரு நாளில் பலமுறை கண்சிமிட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பையின் மெமரி கார்டு கெடும். பழைய வால்யூம் சுவிட்சால் மின்சாரத்தை நேராகத் துண்டிப்பதும் அதே கேடுதான். ஜிபிஐஓ 3 முனையைக் கிரவுண்டோடு இணைக்கும் ஒரு பட்டன் வைத்து, முறையாக நிறுத்தும் வசதியை இயக்குங்கள்; அதே பட்டன் மறுபடி எழுப்பவும் செய்யும். பாடல்களைத் தனி பென்டிரைவில் வைத்து, அதைப் படிக்க மட்டும் இணையுங்கள்.

மின்கம்பி மூன்று இழை, 0.75 சதுர மில்லிமீட்டர், 1 ஆம்பியர் பியூஸ், இரு முனையும் துண்டிக்கும் சுவிட்ச். பெட்டிக்குள் இருக்கும் எல்லா உலோகமும் எர்த்தில் சேர வேண்டும். வீட்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் ரேடியோவுக்கு முன் அதைப் போடுங்கள். பின் அட்டையின் துளைகளை அடைக்காதீர்கள், சூடு வெளியேற வேறு வழியில்லை. கடலோர வீட்டில் கம்பிகளை ஒட்ட வினிகர் வாடை வரும் சிலிகான் வேண்டாம். அந்த அமிலமே செம்பைத் தின்னும். வாடையில்லாத நியூட்ரல் வகை கிடைக்கிறது.

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக 1984இல் நாகர்கோவிலில் தொடங்கியது நம் 101 மெகாஹெர்ட்ஸ். அதையும் பழைய டயலிலேயே கேட்க ஆர்டிஏ5807 எஃப்எம் பலகையை 3.3 வோல்ட்டில் சேர்க்கலாம். ஆன்டெனா கம்பியை மட்டும் பையிலிருந்தும் அடாப்டரிலிருந்தும் விலக்கி, பெட்டியின் மேல் ஓரமாக ஓட்டுங்கள். இல்லையென்றால் இரைச்சல்தான் கேட்கும்.

கழற்றிய சேசிஸைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். வால்வுகளைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றுங்கள், எது எந்தத் துளை என்று எழுதி ஒட்டுங்கள், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். அந்தப் பெட்டி மறுபடி ஓட்டுக்கு அடியில் மச்சுக்குப் போகாமல், கீழ் அறை அலமாரியில் இருக்கட்டும்.