எந்தக் கோர்ஸ் எடுக்கலாம் என்று கேட்பதற்கு முன்

"தங்கச்சி, கணக்கில நாலாயிரம் வெள்ளி அப்படியே கிடக்கு. எந்தக் கோர்ஸ் எடுத்தா வேலை கிடைக்கும்?"

2024 மே மாதம், 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில், அதாவது பயிற்சிக் கட்டணத்துக்காக அரசு தரும் கணக்கில், 4,000 வெள்ளி சேர்ந்தது. அப்போதிருந்து, வேலை ஆலோசனைக்கு வருபவர்கள் என் எதிரே உட்கார்ந்ததும் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. பயிற்சியை முதலில் எடுத்துவிட்டு வேலையை அப்புறம் யோசித்தவர்கள், கையில் சான்றிதழும் மனதில் சோர்வுமாகத் திரும்பி வருவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்படி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 52. சரக்கு லாரிகளை அனுப்பும் நிறுவனத்தில் 24 ஆண்டு வேலை, கடைசியில் மேற்பார்வையாளர். அவருடைய அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1972 ஜூனில் முதல் கொள்கலன் கப்பல் அங்கே வந்தபோது, இனி நமக்கு வேலையில்லை என்று கூட்டாளிகள் பேசிக்கொண்டார்களாம். அப்பா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொண்டார். மகன் காலத்தில் துறைமுகமே இடம் மாறுகிறது. நகரையொட்டிய முனையங்கள் 2027க்குள் துவாசுக்குப் போகவேண்டும் என்பது திட்டம். 2022இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநரில்லா வண்டிகள் பெட்டிகளைச் சுமந்து போகின்றன. இந்த மாற்றங்களுக்கு நடுவே அவருடைய நிறுவனம் ஆட்களைக் குறைத்தது.

வீட்டில் அவர் சொல்லவில்லை. ஏழு வாரம், மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு கிளம்பி ஜூரோங் நூலகத்தில் உட்கார்ந்திருந்தார். இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நம் குடும்பங்களில் வேலை போவதை ஏதோ தப்பு செய்துவிட்டதைப் போல மறைக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். ஆலோசகரிடம் வருவதற்கு முன்னால் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

அந்த ஏழு வாரத்தில் அவர் இரண்டு பயிற்சிகள் முடித்திருந்தார். ஒன்று இணைய விளம்பரம், இன்னொன்று தரவு ஆய்வு. இரண்டுமே மச்சான் சொன்னவை. இரண்டிலும் மனம் ஒட்டவில்லை.

நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணே, வேலையில் கடைசியாக எப்போது நேரம் போனதே தெரியாமல் இருந்தீர்கள்?"

வெகுநேரம் யோசித்தார். லாரி, அட்டவணை, சம்பளம் எதுவும் அவர் வாயில் வரவில்லை. ஊரிலிருந்து புதிதாக வந்த பையன்களுக்கு, லாரியின் பின்பக்கம் எங்கே நிற்கக்கூடாது என்று அட்டைப்பெட்டி மேல் மார்க்கரால் படம் போட்டுக் காட்டிய ஒரு ராத்திரியைச் சொன்னார். சொல்லச் சொல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய வேலைப் பட்டியலில் இந்த விஷயம் ஒரு வரிகூட இல்லை. அது தன் வேலை என்றே அவர் நினைத்ததில்லை.

2001இல் ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்க மருத்துவமனைத் துப்புரவு ஊழியர்களிடம் இதைப் போன்ற ஒன்றைக் கண்டு எழுதினார்கள். ஒரே வேலை செய்தவர்களில் சிலர், நோயாளிகளையும் பார்க்க வருபவர்களையும் கவனித்துக்கொள்வதையும் தாங்களாகவே தம் வேலையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வேலையில் ஈடுபாடு வந்தது அப்படித்தான். என் அனுபவத்தில், துறை மாறும்போது கூடவே எடுத்துப் போக வேண்டியது இந்தச் சேர்த்துக்கொண்ட பகுதியைத்தான். மாற்றத்துக்கு வளைந்துகொடுப்பவர்கள் பழையதை முழுசாக உதறிவிடுவதில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிகிறது.

சரி, பணம்? குடும்பம் நடத்த வேண்டுமே. 2025 ஏப்ரல் முதல், தாமாக விலகாமல் வேலை இழந்தவர்களில் சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு, நிபந்தனைகளுடன் ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை உதவித்தொகை உண்டு. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தகுதிபெறும் முழுநேரப் பயிற்சியில் சேர்ந்தால் பழைய வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை, பயிற்சிப்படியாகக் கிடைக்கும். அந்த நாலாயிரம் காலாவதியாகாது, குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே செல்லும். அதனால் அவசரப்பட்டுச் செலவழிக்க வேண்டாம். பலருக்குத் தெரியாத இன்னொரு வழி, ஊழியரணி சிங்கப்பூரின் வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டங்கள். அதில் முதலாளி முதலில் உங்களை வேலைக்கு எடுத்துவிடுவார். சம்பளத்தோடு கற்றுக்கொள்ளலாம், அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு முதலாளிக்குக் கொடுக்கிறது. நடுவயதில் துறை மாறுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2026 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 64, ஓய்வு வயதுக்குப் பிறகும் வேலையில் தொடர்வதற்கான மறுவேலை வயது 69. இன்று 45 ஆகும் ஒருவருக்கு இன்னும் 24 ஆண்டு வேலைக்காலம் இருக்கலாம். ஆட்குறைப்புக் கடிதம் வந்த பிறகு யோசிப்பதைவிட, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது எவ்வளவோ சுலபம்.

அந்த அண்ணன் வேலையிடப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் பயிற்சி எடுத்தார். நான்கு இடத்தில் கேட்டு, ஐந்தாவது இடத்தில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் முன்பைவிடக் குறைவு, அதை மறைக்க மாட்டேன். தினமும் காலை, வேலை தொடங்குமுன் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங்கைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அவர்தான் நடத்துகிறார்.

ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் இன்ஸ்டிடியூட்டில் இருக்கும், தொழிற்சங்கக் கூட்டமைப்பான என்டியுசியின் இ2ஐ வேலை உதவி மையத்துக்கோ வேறு ஆலோசகரிடமோ போவதாக இருந்தால், ரெசுமேயோடு இன்னொரு தாளும் எடுத்துப் போங்கள். யாரும் சொல்லாமல் நீங்களாக இழுத்துப் போட்டுச் செய்த மூன்று காரியங்களை அதில் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் போதும். தமிழ் பேசும் ஆலோசகர் இருக்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.